கையடக்கக் கன்சோலில் சைபர்பங்க் ட்வின்-ஸ்டிக் ரோக்லைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விட்ச், ஸ்டீம் டெக் மாதிரி கையடக்க கேம் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மின்சார ரயிலில் உட்கார்ந்தால், பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்பதில் தொடங்கி, ஆபீஸ் நண்பர்கள் சாப்பாட்டு நேரத்தில் கேட்பது வரை, இந்த வகை கேம் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உதாரணம் தேவைப்படும் இடங்களில் எல்லாம் நியான் குரோம் என்ற கேமைத்தான் எடுத்திருக்கிறேன். ஃபின்லாந்தின் தாம்பரே நகரில் இருக்கும் 10டன்ஸ் என்ற சிறிய ஸ்டூடியோ செய்தது, 2016-இல் கணினிக்கு வந்தது, 2017-இல் ஸ்விட்ச்சுக்கு வந்தது. தலைப்பில் இருக்கும் எல்லா வார்த்தைகளும் அப்படியே பொருந்துகிற கேம் அது.

முதலில், இது என்ன வகை கேம்?

மேலிருந்து கீழே பார்க்கும் கோணம். கருவியின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தள்ளுகிற குட்டிக் கம்பிதான் ஸ்டிக். இடது ஸ்டிக்கில் நடக்கிறீர்கள், வலது ஸ்டிக்கில் குறி வைக்கிறீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடக்கும். கிழக்கே ஓடிக்கொண்டே மேற்கே சுடலாம். அதுதான் ட்வின்-ஸ்டிக். ரோக்லைக் என்றால் செத்தால் அந்த ஆட்டம் முடிந்தது, திரும்ப முதலிலிருந்து, ஆனால் அறைகளும் எதிரிகளும் ஆயுதங்களும் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் வரும். 1980 வாக்கில் யூனிக்ஸ் கணினிகளில் வெறும் எழுத்துகளாலேயே வரையப்பட்ட ரோக் என்ற கேமிலிருந்து வந்த மரபு இது. நியான் குரோம் மாதிரி செத்த பிறகும் கொஞ்சம் சம்பாத்தியம் கையில் நிற்கும் கேம்களை ரோக்லைட் என்று பிரித்துச் சொல்பவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சைபர்பங்க் என்றால் ராட்சத நிறுவனங்கள் ஆளுகிற, மனித உடம்புக்குள் இயந்திரம் பொருத்துகிற எதிர்கால நகரக் கதை.

இரண்டு ஸ்டிக் யோசனை எங்கிருந்து வந்தது?

1982-இல் வந்த ரோபோட்ரான்: 2084 என்ற ஆர்கேட் கேமிலிருந்து. யூஜீன் ஜார்விஸ், லாரி டிமார் இருவரும் சேர்ந்து செய்தது. அதற்கு முன்னால் வந்த பெர்ஸர்க் என்ற கேமில் ஒரே ஸ்டிக்தான், நடக்கிற வேலையும் குறி வைக்கிற வேலையும் அதற்கே, சுடுவதற்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஜார்விஸுக்குக் கார் விபத்தில் வலது கையில் அடிபட்டு, பட்டனைத் தட்டுவது கஷ்டமாக இருந்திருக்கிறது. பட்டனே இல்லாமல் இரண்டாவது ஸ்டிக்கை வைத்தே சுட்டால் என்ன என்று போன யோசனைதான் இந்த வகைக்கே அடித்தளம் ஆனது. அப்புறம் 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-உடன் ஜியோமெட்ரி வார்ஸ் வந்து வீட்டுக் கன்சோல்காரர்களுக்கு இதன் ருசியைக் காட்டியது.

கையடக்கக் கருவிகளுக்கு இது வருவதற்கு ரொம்ப நாள் ஆனதற்குக் காரணம் எளிமையானது: ஸ்டிக் இல்லை. 2004-இல் வந்த பிஎஸ்பியில் ஒரே ஒரு சின்ன வட்டம்தான் இருந்தது. 2011 கடைசியில் ஜப்பானில் வெளியான பிஎஸ் வீட்டாவில்தான் இரண்டு பக்கமும் ஒழுங்கான ஸ்டிக் கிடைத்தது. கிரிம்சன்லேண்ட், தி பைண்டிங் ஆஃப் ஐசக் கேமின் ரீபர்த் பதிப்பு, நியூக்ளியர் த்ரோன் என்று இரண்டு ஸ்டிக் கேம்கள் வீட்டாவுக்கு வந்தன. வீட்டா வியாபாரத்தில் தோற்றது, ஆனால் இந்த வகை கேமுக்குக் கையடக்கக் கருவிதான் சரியான வீடு என்பதை அது நிரூபித்துவிட்டுப் போனது என்பது என் கருத்து.

பெரிய டிவியில் ஆடினால் இன்னும் நன்றாக இருக்காதா?

படம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். இந்த கேம்களில் கண் திரையின் ஓரம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்த மூலையிலிருந்து எவன் வருகிறான், எந்தக் குண்டு எந்தக் கோட்டில் வருகிறது என்பதை ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். ஐம்பத்தைந்து அங்குல டிவியைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தால் அதற்குத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும். ஒரு முழ தூரத்தில் பிடித்திருக்கும் ஏழு அங்குலத் திரை மொத்தமும் பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. பாத்திரத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டே நான்கு மூலையும் தெரியும்.

இரண்டாவது காரணம் நேரம். சென்னையில் வேலை பார்க்கிறவருக்கு இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் யாரும் வீட்டுக்கு வராவிட்டால். மற்ற நாட்களில் கிடைப்பதெல்லாம் துண்டு நேரம். தாம்பரத்தில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். சோழிங்கநல்லூர் பக்கம் கம்பெனி பஸ் சிக்னலில் நிற்கிற நேரம். பாஸ்போர்ட் ஆபீஸிலோ பல் டாக்டரிடமோ டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற நேரம். பெரிய கதை உள்ள கேமை இந்தத் துண்டுகளில் ஆடினால், போன தடவை எங்கே விட்டோம், யார் எதற்காக அழுதார்கள் என்று நினைவுபடுத்துவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ரோக்லைக்கில் நினைவு வைக்க வேண்டியது எதுவும் இல்லை. ஒரு தளம் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும், கைக்குத் தெரிந்த வித்தை கையிலேயே இருக்கும். பவர் பட்டனை ஒரு தட்டு தட்டினால் கருவி அப்படியே உறங்கும். மாலையில் எழுப்பினால் அதே குண்டு அதே இடத்தில் அந்தரத்தில் நிற்கும். இந்த உறக்க வசதி இல்லாவிட்டால் இந்த வகை கேம் கையடக்கத்தில் இவ்வளவு ஒட்டியிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

சைபர்பங்க் என்பது மேலே பூசிய பெயின்ட் மட்டும்தானே? அதே கேமைக் கோட்டைக்குள்ளும் வைக்கலாமே?

வைக்கலாம், நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இந்த வகையே சைபர்பங்க்குக்காகப் பிறந்த மாதிரி தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு, இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

ரோக்லைக் எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விக்குக் கதையில் பதில் சொல்லியாக வேண்டும். செத்தவன் எப்படித் திரும்ப வருகிறான்? கட்டடம் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது? ஒரே ஆள் ஓடுகிற ஓட்டத்தில் எப்படி இத்தனை விசித்திர சக்திகள் அவனுக்குள் சேர்கின்றன? மந்திரவாதிக் கதையில் இதற்கெல்லாம் சாபம், வரம், மாயக்கோட்டை என்று ஏதாவது இழுத்துக் கட்ட வேண்டும். சைபர்பங்க் உலகத்தில் பதில்கள் ஏற்கெனவே அங்கேயே கிடக்கின்றன. நியான் குரோமில் நீங்கள் சண்டைக்கே போவதில்லை. எங்கோ ஒரு நாற்காலியில் படுத்துக்கொண்டு வேறு உடல்களைத் தொலைவிலிருந்து இயக்குகிறீர்கள். ஒரு உடல் விழுந்தால் அடுத்து மூன்று உடல்கள் வரிசையில் நிற்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஹேக்கர் வந்தால் மற்றவர்களுக்குத் திறக்காத கதவுகள் திறக்கும், கார்ப்பரேட் சோல்ஜர் வந்தால் கையில் கேடயம் இருக்கும். சக்திகள் எல்லாம் உடம்புக்குள் பொருத்தும் உதிரிப் பாகங்கள். எல்லாமே கதைக்குள் இயல்பாக உட்கார்ந்துவிடுகிறது, யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அதோடு இன்னொன்று. ஒரு நிறுவனம் மொத்த ஊரையும் ஒரே கோபுரத்துக்குள் அடைத்து வைத்து, உச்சியில் ஒருவன் உட்கார்ந்து எல்லாரையும் கண்காணிக்கிறான். நீங்கள் கீழிருந்து ஒவ்வொரு தளமாக ஏறுகிறீர்கள், வழியில் வருகிற உடல்கள் எல்லாம் மாற்றக்கூடியவை, செலவழிக்கக்கூடியவை. பழைய மகாபலிபுரம் சாலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய் வருகிற ஆளுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. "ரிசோர்ஸ்" என்று மனிதரைக் கூப்பிடும் இடத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவு பஸ்ஸில் அந்தக் கோபுரத்தின் சுவர்களை வெடி வைத்துத் தகர்த்துக்கொண்டு மேலே ஏறுவதில் ஒரு நிஜமான திருப்தி இருக்கிறது. ஆம், நியான் குரோமில் சுவர்கள் உடையும். அறைக்குக் கதவு வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்டு உள்ளே இருப்பவன் திரும்புவதற்குள் முடித்துவிடலாம். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் சுவர்தான் எல்லாமே என்பதால், அது உடையும் என்று தெரிந்த நொடியில் கட்டடத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

நியான் நிறங்களும் அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. சின்னத் திரையில் இருபது எதிரிகளும் ஐம்பது குண்டுகளும் ஒரே நேரத்தில் இருக்கும்போது எது ஆபத்து, எது தரை என்று கண்ணுக்குப் பிரிந்து தெரிய வேண்டும். கரிய தரை, அதன் மேல் மின்னுகிற இளஞ்சிவப்பும் நீலமும் என்றால் பிரச்சினையே இல்லை. புல்லும் மண்ணும் கல்லும் கலந்த காட்டில் இதே கேமை ஆடிப் பாருங்கள், கண் வலிக்கும். ஓலெட் திரையில் கறுப்பு இருக்கும் இடத்தில் ஒளியே வராது என்பதால் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

செத்துச் செத்து முதலிலிருந்து ஆடுவது எரிச்சலாக இருக்காதா?

ஆரம்பத்தில் இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் சாவு தண்டனையாகத் தெரியாமல் ஆட்டத்தின் நீளமாகத் தெரிய ஆரம்பிக்கும். தெருவில் கேரம் ஆடுகிறவர் போர்டு முடிந்ததும் காய்களைத் திரும்ப நடுவில் அடுக்குகிற மாதிரிதான், அதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். நியான் குரோம் மாதிரி கேம்களில் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் சம்பாதித்த காசை வைத்து உயிர், தாக்கும் வலு, அதிர்ஷ்டம் என்று நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளலாம். இதனால் கை தேறாவிட்டாலும் எண்கள் தேறும், நேற்று தாண்ட முடியாத பாஸை, அதாவது பெரிய எதிரியை, இன்று தாண்டுவீர்கள். புதிதாக வருபவருக்கு இது நல்ல துணை. ஆனால் முழுக்க எண்ணால் வென்றால் அதில் ருசி குறைவு. நியூக்ளியர் த்ரோனில் இந்த மாதிரி ஏற்றமே கிடையாது. செத்தால் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் நீங்கள் கற்றுக்கொண்டதுதான். எனக்கு அதுதான் மேல். நியான் குரோமில் தொடங்கி அங்கே போவது நல்ல வழி.

போனிலேயே ஆடலாமே?

கண்ணாடியில் வரைந்த ஸ்டிக்கில் இந்த வகை கேம் உயிரில்லாமல் இருக்கும். கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியாது, நடுவிலிருந்து நழுவிப் போயிருக்கும், பார்த்துச் சரிசெய்வதற்குள் செத்திருப்பீர்கள். போதாதற்குத் திரையின் இரண்டு மூலையையும் விரல்களே மறைக்கும். போனின் இரண்டு பக்கமும் பொருத்துகிற கன்ட்ரோலர் இருந்தால் கதை வேறு, அது தாராளமாகப் போதும்.

எந்தக் கருவி வாங்கலாம்?

இந்த வகை கேம்களுக்குப் பெரிய பலம் தேவையில்லை, பழைய ஸ்விட்ச்சே போதும். பார்க்க வேண்டியது ஸ்டிக்கையும் எடையையும். ஸ்விட்ச் லைட் சுமார் 275 கிராம், ரயிலில் நின்றுகொண்டே ஆடலாம். ஆனால் திரை 5.5 அங்குலம்தான், ஸ்டிக்கும் உடம்போடு சேர்ந்தது. சாதாரண ஸ்விட்ச், இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற ஜாய்-கான் கன்ட்ரோலர்களோடு சேர்த்து 400 கிராம் பக்கம். ஸ்டீம் டெக் முதல் மாடல் 669 கிராம், ஓலெட் மாடல் 640. மடியிலோ பையின் மேலோ முட்டுக் கொடுக்காமல் அதை ரொம்ப நேரம் பிடிக்க முடியாது. ஆனால் டெக்கின் ஸ்டிக் முழு அளவுக் கன்ட்ரோலர் ஸ்டிக், விரல் நகரும் தூரம் அதிகம், குறி துல்லியமாக நிற்கும். ஜாய்-கானின் ஸ்டிக் குட்டையானது. கொஞ்சம் தட்டினாலே குறி பாய்ந்துவிடும். ஸ்விட்ச்சில் ஆடுகிறவர்கள் கேமில் குறி உதவி இருந்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு: தினமும் ரயிலில் போய் வருபவர் என்றால் ஸ்விட்ச் ஓலெட், வீட்டில் படுக்கையில் ஆடுபவர் என்றால் ஸ்டீம் டெக்.

சென்னையில் எங்கே வாங்குவது?

நின்டெண்டோவும் சரி, ஸ்டீம் டெக் செய்யும் வால்வும் சரி, இங்கே நேரடியாக விற்பதில்லை. அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைன் கடைகளிலோ கிடைப்பது வெளிநாட்டிலிருந்து இறக்கியது, அல்லது சிங்கப்பூர், துபாய் போய் வந்த உறவினர் கொண்டு வந்தது. அதனால் நிறுவன வாரன்டி இங்கே எடுபடாது, கடைக்காரர் தருகிற வாரன்டிதான், அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டு கடையில் விலை கேட்காமல் வாங்காதீர்கள். பழையது வாங்கினால் அங்கேயே ஆன் செய்து, செட்டிங்ஸில் ஸ்டிக் சோதனைக்குப் போய் விரலை எடுத்த பிறகு புள்ளி நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். வாரன்டி உள்ளூரிலேயே வேண்டும் என்பவர்களுக்கு அசூஸின் ஆர்ஓஜி அல்லை இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்த கருவி.

கேம் வாங்குவதிலும் வித்தியாசம் உண்டு. வால்வின் ஆன்லைன் கேம் கடையான ஸ்டீமில் விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐயிலும் கட்டலாம், தள்ளுபடி நாட்களில் இந்த மாதிரி பழைய கேம்கள் ஒரு பிரியாணி விலைக்கும் கீழே இறங்கும். நின்டெண்டோவின் கடைக்கு வேறொரு நாட்டுக் கணக்கு வைத்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வெயிலைத் தாங்குமா?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். ஸ்டீம் டெக் 35 டிகிரி வரையிலான சூழலில்தான் நன்றாக ஓடும் என்று வால்வே சொல்லியிருக்கிறது, ஸ்விட்ச்சுக்கும் நின்டெண்டோ சொல்லும் மேல் எல்லை 35தான். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஏசி இல்லாத பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் நாம் ஏற்கெனவே அந்த எல்லையைத் தாண்டியிருப்போம். கருவி சூடானால் தன்னைத் தானே மெதுவாக்கும், ஃப்ரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விழும், இந்த கேமில் ஃப்ரேம் விழுந்தால் குண்டுக்கு நடுவே நுழைகிற கணக்கு தப்பும். மதியத்தில் வெளியே ஆடாதீர்கள். டெக்கில் பவர் வரம்பைக் குறைத்து வைத்தாலும் இந்த வகை கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃப்ரேமிலேயே ஓடும். சூடும் குறையும், பேட்டரியும் கூடுதலாக நிற்கும். நிறுத்தி வைத்த காருக்குள் கருவியை விட்டுவிட்டுப் போகவே கூடாது.

ஸ்டிக் தானாக நகர்கிறது, என்ன செய்வது?

ட்ரிஃப்ட். ஸ்டிக்குக்குள் கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும், தடம் தேய்ந்தாலோ தூசி போனாலோ தப்பான கணக்கு போகும். மற்ற கேம்களில் சமாளிக்கலாம். இதில் இடது ஸ்டிக் கெட்டால் ஆள் தானாக நடந்து குண்டில் போய் முட்டுவான். முதலில் செட்டிங்ஸில் ஸ்டிக்கைச் சீரமைத்துப் பாருங்கள், கேமில் டெட்-ஸோன் (ஸ்டிக் லேசாக அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) அளவைக் கூட்டிப் பாருங்கள். அடங்காவிட்டால் ஸ்டிக்கையே மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கேளுங்கள். அது காந்தத்தை வைத்து அளக்கிறது, உரசல் இல்லை, அதனால் அந்தத் தேய்மானமும் இல்லை. ஜாய்-கானுக்கும் ஸ்டீம் டெக்குக்கும் அப்படிப்பட்ட மாற்று ஸ்டிக்குகள் கிடைக்கின்றன. ஸ்விட்ச் லைட்டில் மொத்தக் கருவியையும் பிரிக்க வேண்டும் என்பதால் பழகிய கையிடம் மட்டும் கொடுங்கள்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது, புரியுமா?

புரியும். தமிழில் கிடைக்காது, ஆனால் படிக்க வேண்டியது ஆயுதத்தின் பெயரும் அது என்ன செய்யும் என்ற ஒற்றை வரியும்தான். மற்றதெல்லாம் படமும் நிறமும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். முழுக்கத் துப்பாக்கியும் ரத்தமும். கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் வயது வரம்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நியான் குரோம் பிடித்துப்போனால் அடுத்து எது?

அதே ஸ்டூடியோவின் ஜட்ஜ், 2017-இல் வந்தது, கிட்டத்தட்ட அதே உலகம். ஆனால் அது ரோக்லைக் இல்லை. அமைத்து வைத்த கட்டங்களைத் திரும்பத் திரும்ப வேறு வேறு ஆயுத அமைப்போடு முயன்று பார்க்கும் கேம். போலந்துக்காரர்களின் ரூயினர் சைபர்பங்க் தோற்றத்தில் இவை எல்லாவற்றையும் தாண்டும், அதிலும் அறைகள் மாறாது. உலகம் எதுவானாலும் பரவாயில்லை, ரோக்லைக்தான் வேண்டும் என்றால் என்டர் தி கன்ஜியன். குண்டுகளுக்கு நடுவே உருண்டு தப்பிக்கும் அந்த ஒரு அசைவுக்காகவே அதை வாங்கலாம். நியான் குரோமின் குறையும் இங்கே தெரிந்துவிடும்: பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் அறைகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, கன்ஜியனில் ஒவ்வொரு அறையிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது.

நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியுமா?

நியான் குரோமை ஒரே இடத்தில் உட்கார்ந்து நான்கு பேர் வரை ஆடலாம். ஆனால் ஸ்விட்ச்சில் இதற்கு ஒரு முட்டுக்கட்டை. மற்ற கேம்களில் ஆளுக்கு ஒரு ஜாய்-கானைக் குறுக்கே பிடித்து ஆடுவோமே, அதில் ஒரே ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது, இந்த வகைக்கு இரண்டு வேண்டும். ஆகவே வருகிறவர் ஒவ்வொருவரும் முழு ஜோடியோ தனிக் கன்ட்ரோலரோ கொண்டு வரச் சொல்லுங்கள், அன்றைக்கு மட்டும் கருவியை டிவியில் மாட்டிக்கொள்ளுங்கள்.